அடியில் நின்ற ஒரு விரல் தண்ணீர்

நஸ்ருன்னிசாவுக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டாள். கழுவுகிற தொட்டிக்குப் போய், ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்துவைத்த பீக்கரை எடுத்து மறுபடி கழுவுவாள். அது பாஞ்சாலியின் தொட்டி. ஊரூர் ஒல்காட் குப்பத்திலிருந்து காலை எட்டு மணிக்கெல்லாம் வந்து, லேப்பின் கண்ணாடிச் சாமான் அத்தனையையும் தேய்த்து வைப்பவள் பாஞ்சாலி. தன் வேலையை இன்னொருத்தி மறுபடி செய்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? ஆனால் பாஞ்சாலி அதைப் பெரிதுபண்ண மாட்டாள். "இன்னாக்கா, இன்னிக்கு யார் மேல?" என்று மட்டும் கேட்பாள்.

தொண்ணூற்றேழு ஜனவரியில் ஒரு நாள், நோன்பு வயிற்றோடு, நஸ்ருன்னிசா பதினேழு பீக்கர் கழுவினாள்.

ஏன் என்று சொல்வதற்குமுன் அவள் யார் என்று சொல்லிவிடுகிறேன். மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. வேதியியலில் பி.எஸ்ஸி., அதுவும் முதல் வகுப்பு. வீட்டுக்காரர் பீர் முஹம்மது தி.நகரில் ஒரு பெட்டிக் கடையில் விற்பனையாளர். பெட்டிக் கடை என்றால் பீடி, வெற்றிலை விற்பது இல்லை, சூட்கேஸ் விற்பது. எண்பத்தெட்டில் அடையாற்றில் இருக்கும் இந்த ஆராய்ச்சிக் கூடத்துக்கு அவள் மூன்று மாதத் தற்காலிக உதவியாளராக வந்தாள். அந்த மூன்று மாதம் ஒன்பது வருஷமாக நீண்டுபோயிருந்தது. ஒவ்வொரு மார்ச்சிலும் ஒரு கமிட்டி வரும், ஃபைலைப் புரட்டும், "இன்னும் ஒரு வருஷம்" என்று எழுதும். மற்றபடி அவள் கை பட்ட வேலையில் குறை சொன்னவர் யாரும் கிடையாது.

லேப்பின் தலைவர் டாக்டர் பத்ரிநாராயணன். மயிலாப்பூர் மாட வீதிக்காரர். வயதானவர்களுக்கு ஞாபகம் போகிற நோய் ஒன்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நம் உடம்பில் புரதங்கள் ஒழுங்காக மடிந்திருக்கும்வரை ஒரு வம்பும் இல்லை. சில புரதம் கோணல்மாணலாக மடிந்துவிடும். அப்படி மடிந்தவை ஒன்றோடொன்று ஒட்டி, அவசரத்தில் கரைத்த கோதுமை மாவு மாதிரி கட்டி தட்டிப்போகும். அந்தக் கட்டிதான் மூளை செல்களைக் கொல்கிறது என்பது அவர் கட்சி.

அதை நிரூபிக்க லேப்பில் ஒரு வழிமுறை வைத்திருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து ஐஸ் பெட்டியில் மூக்குப்பொடி அளவுக்கு வெள்ளைப் பொடி வரும். அதுதான் புரதம். அதை உப்புநீரில் கரைத்து ஒரு வாரம் வெதுவெதுப்பாக வைத்தால் கட்டி தட்டும். சின்னக் குழாயில் ஊற்றி சென்ட்ரிஃப்யூஜில் போட்டுச் சுழற்றினால் கட்டியெல்லாம் அடியில் போய், குண்டூசித் தலை அளவுக்கு ஒட்டிக்கொள்ளும். மேலே தெளிந்த தண்ணீரை எடுத்துத் தொட்டியில் கொட்டிவிடுவார்கள். அடியில் இருப்பதைக் கலக்கி, தட்டில் வளர்த்த செல்கள்மேல் விட்டு, இரண்டு நாள் கழித்து ஒரு நீலச் சாயம் போடுவார்கள். செத்த செல் சாயத்தைக் குடித்து நீலமாகும். உயிருள்ள செல் சாயத்தை உள்ளே விடாது. பிறகு மைக்ரோஸ்கோப்பில் எண்ண வேண்டியதுதான். இரண்டு வருஷமாக எண்ணினார்கள். ஒவ்வொரு தடவையும் பாதி செல் நீலம். கட்டிதான் விஷம் என்று ஆராய்ச்சி மாணவன் ஸ்ரீவத்சன் தன் டாக்டர் பட்ட ஆய்வேட்டை முக்கால்வாசி எழுதியும் முடித்துவிட்டான். அவனுக்கு இருபத்தேழு வயது, நல்ல பையன், ஆனால் கால் தரையில் படாத அவசரம்.

இங்கே ஒரு சங்கதி. அந்த மேல் தண்ணீரை எப்படி எடுப்பார்கள்? வாயால்தான்! கண்ணாடி பிப்பெட்டை வாயில் வைத்து உறிஞ்சி, நாக்கு நுனியால் அடைத்து, வேறு குழாயில் விடுவது. உறிஞ்சுவதற்கு ரப்பர் பல்பு உண்டு. சென்னை வெயிலில் ஆறே மாதத்தில் பிசுபிசுவென்று பிசின் மாதிரி ஆகிவிடும். வாய் வைக்காமல் கட்டைவிரலால் அழுத்தி எடுக்கிற உயர்தர பிப்பெட் ஒன்றே ஒன்று, அது டாக்டர் அலமாரியில் பூட்டிக் கிடக்கும். ஆகவே பெரியவர் முதல் கடைக்குட்டி மாணவன்வரை எல்லோருக்கும் வாய்தான் இயந்திரம். அதில் அவர்களுக்கு ஒரு பெருமை வேறு.

அந்த ஜனவரியில் ரம்ஜான் வந்தது. இந்த ஆராய்ச்சியில் அதுவரை நஸ்ருன்னிசாவுக்குக் கரைசல் தயாரிக்கிற வேலை மட்டும்தான், குழாய் பிரித்தது கிடையாது. இந்தத் தடவை ஸ்ரீவத்சன் பொங்கலுக்கு ஊருக்குப் போக வேண்டியிருந்தது. "அக்கா, இந்த ஒரு பேட்ச் மட்டும் நீங்க பிரிச்சு வெச்சிடுங்க, ப்ளீஸ்" என்று தலையில் கட்டிவிட்டுப் பறந்துவிட்டான்.

நோன்பு வைத்துக்கொண்டு பிப்பெட்டை வாயில் வைப்பாளா? ஒரு சொட்டு தொண்டைக்குள் போனால் அன்றைய நோன்பு போச்சே! ஸ்டோரில் தேடி ஒரு பழைய கண்ணாடி ஊசிக்குழல் எடுத்தாள். நீள ஊசியின் கூர்முனையை அரத்தால் ராவி மொட்டையாக்கினாள். கொதிநீரில் போட்டு எடுத்தாள். ஊசியைக் குழாயின் சுவரோடு இறக்கி, அடிவரை கொண்டுபோய், மூச்சைப் பிடித்துக்கொண்டு மேல் தண்ணீரைக் கடைசிச் சொட்டுவரை இழுத்தாள். அடியில் வெள்ளைப் புள்ளி மட்டும் காய்ந்து நின்றது. பிறகு புது உப்புநீர் விட்டு, கலக்கி, மறுபடி சுழற்றி, மறுபடி இழுத்து, அரிசி களைகிற மாதிரி மூன்று தரம் களைந்தாள்.

இழுத்த முதல் தண்ணீரை அவள் கொட்டவில்லை. எப்போதும் செல்தட்டில் ஒரு வரிசைக்கு வெறும் உப்புநீர் விடுவார்கள், ஒப்பிட்டுப் பார்க்க. இவளுக்கு ஒன்று தோன்றியது. கட்டிதான் விஷமென்றால், கட்டியை எடுத்துவிட்ட தண்ணீர் சாதுவாகத்தானே இருக்கும்? அதையும் ஒரு வரிசையில் விட்டுப் பார்த்தால் இன்னும் நல்ல ஒப்பீடு ஆயிற்றே? தட்டில் ஒரு வரிசை காலியாக இருந்தது. விட்டாள். நோட்டிலும் எழுதிவைத்தாள்.

ஸ்ரீவத்சன் ஊரிலிருந்து வந்து சாயம் போட்டு எண்ணினான். முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. கட்டி விட்ட வரிசையில் செல்லெல்லாம் ஜம்மென்று உயிரோடு இருந்தது. தெளிந்த தண்ணீர் விட்ட வரிசையில் பாதிக்குமேல் நீலம்!

அவன் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. நோட்டில் எழுதினான்: குழாய்கள் இடம் மாறிவிட்டன, பிரித்தவர் நஸ்ருன்னிசா. நேரே டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினான். டாக்டர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"நோன்பு நாள், களைப்பா இருந்திருப்பேள். நான் குத்தம் சொல்லலை," என்றார். குற்றம் சொல்லவில்லையாம்! "ஆனா மார்ச்சுல கமிட்டி வரது. ரெக்கார்டுல இப்படி ஒண்ணு இருக்கச்சே, உங்களுக்கு இன்னொரு வருஷம் குடுங்கோன்னு நான் எந்த முகத்தை வெச்சுண்டு கேப்பேன்?"

"குழாய் மாறலை சார்."

"மாறாம இப்படி எப்படி வரும்?"

அவள் நேரே பாஞ்சாலியின் தொட்டிக்குப் போனாள். அன்றைக்குத்தான் அந்தப் பதினேழு பீக்கர்.

வீட்டில் நோன்பு திறந்ததும் பீர் முஹம்மதிடம் சொன்னாள். அவர் நிதானமான மனுஷர். "நஸ்ரு, உனக்கே ஒரு சந்தேகம் இருக்கா?" என்று கேட்டார்.

"ஒரு துளி கிடையாது. பேரு எழுதாம நான் ஒரு குழாயைக் கீழே வெச்சதே இல்லை."

"அப்ப மத்தவங்க என்ன பண்றாங்கன்னு போய்ப் பாரு."

சாதாரணமாகத்தான் சொன்னார். சூட்கேஸ் கடையில் பூட்டு சரியில்லை என்று யாராவது திரும்பி வந்தால் அவர் பூட்டைப் பார்க்கமாட்டார், வந்தவர் சாவியை எப்படிப் போடுகிறார் என்று பார்ப்பார். அந்தப் பழக்கம்.

மறுநாள் ஸ்ரீவத்சன் புது பேட்ச் பிரித்துக்கொண்டிருந்தான். நஸ்ருன்னிசா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் உறிஞ்சினான். தண்ணீர் சரசரவென்று இறங்கியது. அடியிலிருந்து ஒரு விரற்கடை உயரத்துக்கு வந்ததும் சட்டென்று நிறுத்தி, பிப்பெட்டை எடுத்துவிட்டான்.

"தம்பி, இன்னும் தண்ணி இருக்கே?"

"அதுக்குக் கீழ போனா கட்டி வாய்க்குள்ள வந்துடும்க்கா. விஷமாச்சே! எல்லாரும் இவ்ளோதான் எடுப்போம்."

நஸ்ருன்னிசாவுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அடப்பாவிகளா! எல்லோருமா? அந்த ஒரு விரல் தண்ணீரை அப்படியே கட்டியோடு கலக்கி, செல்லுக்கு ஊட்டிவிட்டு, கட்டி கொன்றது கட்டி கொன்றது என்று இரண்டு வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள்! விஷம் கட்டியில் இல்லை. கட்டிக்கு மேலே நின்ற தண்ணீரில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று, சென்ட்ரிஃப்யூஜுக்கும் அடங்காத பொடிசு, அதில் மிதக்கிறது. வாய் வைத்தவர்கள் அதைக் கீழே விட்டுவிட்டார்கள். நோன்பு வைத்தவள் முழுக்க எடுத்துவிட்டாள்.

எழுந்து நேரே டாக்டர் அறைக்குப் போனாள். கதவைத் தட்டினாளா என்று அவளுக்கே ஞாபகமில்லை.

"சார், நீங்க ஒரு தடவை பிரிச்சுக் காட்டுங்க."

"நானா? என்னத்துக்கு?"

"காட்டுங்க சார், சொல்றேன்."

இருபத்தைந்து வருஷமாகப் பிப்பெட் பிடித்த மனிதர். கெத்தாக வந்து உட்கார்ந்து, அழகாக உறிஞ்சினார். ஒரு விரற்கடைக்கு வந்ததும் நிறுத்தினார்.

"ஏன் சார் நிறுத்திட்டீங்க?"

"விஷம்மா அது! வாயில போயிடுத்துன்னா?" என்று சொன்னவர், குழாயைப் பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்தார். மறுபடி குழாயைப் பார்த்தார். பாவம், முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் மனுஷர் ஆராய்ச்சிக்காரர், சும்மா நம்பிவிடுவாரா? "இது ஒரு ஊகம்தான். பரீட்சை பண்ணணும்" என்றார்.

"பண்ணுங்க சார். நாளைக்கே பண்ணுங்க."

ஒரே பேட்சை மூன்று பேரும் பிரிப்பது என்று முடிவாயிற்று. டாக்டரும் ஸ்ரீவத்சனும் வழக்கம்போல வாயால், நஸ்ருன்னிசா ஊசிக்குழலால். ஆளுக்கு ஒரு கட்டி, ஒரு தண்ணீர். மொத்தம் ஆறு குப்பி. எல்லாவற்றையும் செல்களை வளர்க்கிற ஊட்ட நீரில் கலந்துவிட்டால் எது எது என்று பார்த்தால் தெரியாது. ஆனால் யாருடையது எது என்று எண்ணுகிறவருக்கும் தெரியக்கூடாது, பிரித்தவருக்கும் தெரியக்கூடாது. மூன்றாவது ஆள் ஒருத்தர் பெயரை அழித்து ரகசியக் குறி போட வேண்டும். ஸ்ரீவத்சனின் நண்பன் யாரையாவது கூப்பிடலாம் என்றார் டாக்டர். அவனோட ஆளா, வேண்டவே வேண்டாம் என்றாள் நஸ்ருன்னிசா. அவளுக்கு வேண்டியவர்கள் யாரும் கூடாது என்றான் ஸ்ரீவத்சன்.

"நான் போட்றேன், குடு," என்றாள் தொட்டியடியில் நின்ற பாஞ்சாலி.

"அக்காவுக்கு வேண்டியவதானே நீ?" என்றான் ஸ்ரீவத்சன்.

"எனக்கு எது நல்லதுன்னே தெரியாது சார். செத்தா நல்லதா, பொழைச்சா நல்லதா? தெரிஞ்சாத்தானே திருட்டுத்தனம் பண்ண முடியும்?"

டாக்டர் சிரித்துவிட்டார். பாஞ்சாலி குப்பிகளை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள். திரும்பி வந்தபோது பெயர்ச்சீட்டு ஒன்றும் இல்லை. ஒவ்வொரு மூடியிலும் ஒரு ஸ்டிக்கர் பொட்டு. சிவப்பு, மெரூன், பச்சை, கறுப்பு, மஞ்சள், நீலம். தன் கைப்பையிலிருந்த பொட்டு அட்டையையே காலிசெய்திருந்தாள்.

"எது யாரோடதுன்னு எழுதி வெச்சியா?" என்று பதறினார் டாக்டர்.

"என் பொட்டு எனக்கு மறக்குமா சார்?"

ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும் என்று அவர் ஒற்றைக்காலில் நிற்க, அவள் ஒரு சீட்டில் கிறுக்கி, நாலாக மடித்து, ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். அதைவிடப் பத்திரமான பெட்டகம் அந்த லேப்பில் கிடையாது. இடைப்பட்ட இரண்டு நாளும் ஸ்ரீவத்சன் அவளுக்கு டீயும் பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்துப் பார்த்தான். டீயைக் குடித்தாள், பஜ்ஜியைத் தின்றாள், "பஜ்ஜி நல்லா கீது சார்" என்றாள். அவ்வளவுதான் அவன் தெரிந்துகொண்டது.

மூன்றாம் நாள் சாயம் போட்டார்கள். ஸ்ரீவத்சன் எண்ணினான், அவன் எழுந்தபின் டாக்டர் உட்கார்ந்து தனியாக எண்ணினார். இருவர் கணக்கும் ஒன்றாகவே வந்தது. ஐந்து பொட்டில் செல்கள் கொத்துக்கொத்தாக நீலம். பச்சைப் பொட்டில் மட்டும் அத்தனையும் உயிர்.

நஸ்ருன்னிசா சுவரோரமாக நின்றாள். துப்பட்டா நுனியை விரலில் சுற்றிச் சுற்றி விரல் வெளுத்துப்போயிருந்தது. அல்லாவே, ஒன்றே ஒன்று சரியாக வரட்டும் என்பதைத் தவிர மனசில் வேறு எதுவும் ஓடவில்லை.

"பாஞ்சாலி, பச்சை யாரோடது?" என்றார் டாக்டர்.

பாஞ்சாலி சீட்டை எடுத்தாள். பிரித்தாள். எல்லோர் முகத்தையும் ஒரு சுற்று பார்த்தாள். இப்படி ஒரு சபை தனக்கு மறுபடி எப்போது கிடைக்கும் என்று நினைத்திருப்பாள், பிசாசு. சாவகாசமாகச் சொன்னாள்: "நம்ம அக்காவோட கட்டி."

"அப்ப கறுப்பு?"

"உன் தண்ணி சார். நீயே வாயி வெச்சு உறிஞ்சது. மெரூனு, ஸ்ரீவத்சன் சாரோட தண்ணி. மூணு பேரோட தண்ணியும் சாவடிச்சுகீது. உங்க ரெண்டு பேரு கட்டியும் சாவடிச்சுகீது. அக்கா கட்டிதான் ஒண்ணும் பண்ணலை."

டாக்டருடைய தண்ணீரும் கொன்றிருக்கிறது! அதற்குமேல் குழாய் மாறியது என்று யார் சொல்ல முடியும்? நஸ்ருன்னிசாவுக்குக் கண் பொங்கிவிட்டது. வெட்கப்படாமல் அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். பாஞ்சாலி இரண்டு விரலை வாயில் விட்டு ஒரு விசில் அடித்தாள் பாருங்கள், மாடி லேப்பிலிருந்து ஆள் இறங்கி வந்துவிட்டார்கள்.

ஸ்ரீவத்சன்தான் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தான். "அக்கா, ஸாரிக்கா. யோசிக்காம எழுதிட்டேன். போச்சு, என் ரெண்டு வருஷமும் போச்சு."

அவளுக்கு அவன்மேல் இருந்த கோபமெல்லாம் அந்தக் குரலில் கரைந்துவிட்டது. "எங்கே போச்சு? நீ எண்ணினதெல்லாம் அப்படியேதானே இருக்கு. கொன்னது யாருன்னுதான் தப்பாச் சொல்லிட்டே. ஆளை மாத்து தம்பி, அவ்வளவுதான். முதல்ல அந்த நோட்டை எடுத்துத் திருத்து."

திருத்தினான். அதன் பிறகு ஒரு மாதம் லேப் திருவிழாதான். அந்தத் தண்ணீருக்குள் என்னதான் ஒளிந்திருக்கிறது என்று பார்க்க, ஆள் உயரக் கண்ணாடிக் குழாயில் துளையுள்ள நுண்மணிகளை நிரப்பி, தண்ணீரை மேலிருந்து சொட்டுச்சொட்டாக விட்டார்கள். பெரிய கூட்டம் மணிகளின் துளைக்குள் நுழைய முடியாமல் முதலில் வெளியே வந்துவிடும். சின்னது ஒவ்வொரு துளைக்குள்ளும் புகுந்து வம்பளந்துவிட்டு நிதானமாகக் கடைசியில் வரும். நாள் முழுக்க உட்கார்ந்து நாற்பது குழாயில் சொட்டுப் பிடித்தவள் நஸ்ருன்னிசா. செல்களைக் கொன்றது முதலில் வந்ததும் இல்லை, கடைசியில் வந்ததும் இல்லை. நடுவில் வந்த ஏழெட்டுக் குழாய். கட்டியாகவும் ஆகாமல் தனியாகவும் நிற்காமல், பத்துப் பன்னிரண்டாகச் சேர்ந்து திரிகிற சின்னச் சின்னக் கும்பல்தான் அந்த லேப்பில் இரண்டு வருஷமாக ஒளிந்திருந்த கொலைகாரன்.

மார்ச் இருபத்தாறாம் தேதி கமிட்டி வந்தது. தலைவர் டெல்லியில் வேலைபார்க்கும் தமிழர், லேசில் ஒப்புக்கொள்கிற ஆள் இல்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "ஒரே ஒரு டெம்பரரி ஸ்டாஃப் கைக்குத்தான் இது வருதுன்னா, இது விஞ்ஞானம் இல்லை, கைராசி. வேற யாராவது என் கண் முன்னால பண்ணட்டும். வந்தா, உங்க பேப்பரையும் நம்பறேன், இந்த அம்மா ஃபைலையும் பாக்கறேன்."

"நானே பண்றேன்," என்றார் பத்ரிநாராயணன்.

ஊசிக்குழலை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். கமிட்டிக்காரர்கள் ஐந்து பேரும் சுற்றி நின்றார்கள். நஸ்ருன்னிசா எல்லோருக்கும் பின்னால், கதவோரம். ஊசி இறங்கியது, தண்ணீர் ஏறியது. ஒரு விரற்கடைக்கு வந்ததும், இருபத்தைந்து வருஷப் பழக்கம், கை தானாக நின்றது. பெரியவர் ஊசியை எடுக்கப் போனார். அவருக்குத் தான் நிறுத்தியதே தெரியவில்லை.

இப்போது இவள் என்ன செய்வாள்? வாயை மூடிக்கொண்டிருந்தால் செல்கள் சாகும், இவள் வேலையும் அதோடு போகும். வாயைத் திறந்தால், கமிட்டி முன்னால் புரொபசர் மானம் போகும். அவர் சிபாரிசு இல்லாமல் ஃபைல் நகராது.

"சார், நிறுத்தாதீங்க. அடியில இன்னும் நிக்குது."

ஐந்து தலையும் திரும்பின. பத்ரிநாராயணனின் காது சிவந்துபோயிற்று. ஊசியை மறுபடி இறக்கினார். கடைசிச் சொட்டுவரை இழுத்தார். குழாயை வெளிச்சத்தில் தூக்கி, அவள் பக்கமாக நீட்டினார். "இப்போ?"

"இப்ப சரி சார். இன்னும் மூணு தரம் களையணும்."

களைந்தார். ஒவ்வொரு தரமும் அவளிடம் காட்டிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனார்.

இருபத்தெட்டாம் தேதி கமிட்டித் தலைவரே மைக்ரோஸ்கோப்பில் உட்கார்ந்து எண்ணினார். யாரையும் பக்கத்தில் விடவில்லை. வெகுநேரம் கழித்து நிமிர்ந்தார். "தேடித் தேடிப் பாக்கறேன், நீலமே கண்ணுல படலையே!" ஃபைலைக் கொண்டுவரச் சொன்னார். அதில் 'ஒரு வருஷ நீட்டிப்பு' என்று டைப் அடித்திருந்ததை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, மேலே 'நிரந்தரப் பணிக்குப் பரிந்துரைக்கிறோம்' என்று தன் கையாலேயே எழுதினார். எழுதிவிட்டு, கையெழுத்துப் போடுமுன் அவளை ஏறிட்டுப் பார்த்தார்.

"அத்தனை பேர் முன்னால உங்க புரொபசரையே நிறுத்தாதீங்கன்னு சொன்னீங்களே, பயமா இல்லையாம்மா?"

"இருந்துச்சு சார்," என்றாள் நஸ்ருன்னிசா. "ஆனா எல்லாரும் பயந்ததாலதானே சார் ரெண்டு வருஷமா அந்தத் தண்ணி அடியிலேயே நின்னுச்சு."

அவர் கையெழுத்துப் போட்டார்.